பாட்டுப் பெட்டிக்கு ஒரு ஆயுளா?

நாஞ்சில் நாட்டில் அம்மன் கோவில் கொடை. வில்லுப்பாட்டு நடக்கிறது. வில்லில் கட்டிய மணிகள் கலகலவென்று ஒலிக்கின்றன. குடம் "கும், கும்" என்று முழங்குகிறது. கேட்பவர் நெஞ்சே அதிர்கிறது.

அதே பாட்டைப் பதிவு செய்து கைப்பேசியில் போட்டுப் பாருங்கள். மணி ஓசை வரும். குடத்தின் முழக்கம் வராது! ஏன்? கனத்த ஓசை எழும்ப நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். கைப்பேசியில் உள்ள சின்னஞ்சிறு ஒலிபெருக்கியால் அது முடியாது.

நேரில் கேட்பது போலவே வீட்டிலும் கேட்க வேண்டும் என்ற ஆசையில் பிறந்ததுதான் "ஹை-பை" கருவி. இந்த ஆசை சிலரை ஆயுள் முழுவதும் விடுவதில்லை. பெட்டியை மாற்றுவார்கள். கம்பியை மாற்றுவார்கள். மறுபடியும் பெட்டியை மாற்றுவார்கள்!

இத்தனை பணமும் காலமும் கொடுப்பது தகுமா?

10 லட்சம் டாலர்!

அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் கென் பிரிட்ஸ் என்று ஒருவர் இருந்தார். உலகிலேயே சிறந்த பாட்டுக் கருவியைச் செய்ய வேண்டும் என்பது அவர் கனவு. அதற்காகத் தம் வீட்டில் பெரிய இசைக்கூடமே கட்டினார். ஆள் உயரத்தை மிஞ்சும் ஒலிபெருக்கிகளைத் தாமே செய்தார். செலவு சுமார் 10 லட்சம் டாலர். ஓய்வு நாட்களில் பிள்ளைகளும் உடன் உழைத்தார்கள். கடைசியில் ஒரு மகனோடு உறவே முறிந்தது.

2022-ல், 80-வது வயதில், பிரிட்ஸ் காலமானார். கருவிகள் ஏலம் போயின. கிடைத்தது எவ்வளவு தெரியுமா? ஒன்றரை லட்சம் டாலருக்குச் சற்று அதிகம். அவ்வளவுதான்!

காதுக்கும் வயது உண்டு

இன்னொரு சங்கதியும் இருக்கிறது. இளம் வயதில் காது, நொடிக்கு 20 முதல் 20 ஆயிரம் அதிர்வுகள் வரை கேட்கும். வயது ஏற ஏற, கீச்சென்ற மெல்லிய ஓசைகள் மறைந்து போகும். அறுபது வயதில் பலருக்கு 12 ஆயிரத்துக்கு மேல் கேட்பது கடினம். கையில் காசு சேரும்போது காது தேய்ந்து விடுகிறது!

காசில்லாத வழி

பல வீடுகளில் பாட்டைக் கெடுப்பது அறைதான். வெறும் சுவரும் சிமெண்டுத் தரையும் ஓசையைத் திருப்பி அடிக்கும். ஜமக்காளம் விரியுங்கள். கனத்த திரை போடுங்கள். பெட்டியை மூலையிலிருந்து நகர்த்தி வையுங்கள். பாட்டு தெளியும்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் கடற்காற்று உப்புக் காற்று. ஆண்டில் இரண்டு பருவ மழை வேறு. இசைத்தட்டில் பூஞ்சை பிடிக்கும். கம்பி முனையில் களிம்பு ஏறும். அவற்றைத் துடைத்து வைத்தாலே பழைய பெட்டியும் நன்றாகப் பாடும்.

லாபம் எது?

அப்படியானால் இந்த ஆசை வீண்தானா? அப்படிச் சொல்ல முடியாது. கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908-ல் பிறந்தவர், 1957-ல் மறைந்தார். அவர் குரலை இன்றைய குழந்தைகளும் கேட்டுச் சிரிக்கிறார்கள். பழைய பதிவுகளைப் பொன் போலக் காத்தவர்கள் இருந்ததால்தானே இது முடிந்தது? அந்த உழைப்புக்குப் பயன் உண்டு.

ஆகவே, புதுப் பெட்டி வாங்கப் புறப்படும் முன் ஒன்றை எண்ணிப் பாருங்கள். இந்த மாதம் எத்தனை பாட்டுகளை வீட்டாரோடு உட்கார்ந்து முழுவதும் கேட்டீர்கள்? ஒன்றோ இரண்டோதான் என்றால், பணம் பையிலேயே இருக்கட்டும்!