பகடையும் பாத்திரமும் – 7: கடிவாளம் போன மந்திரவாதி

சென்ற வாரம் பகடைக் கணக்கோடு நிறுத்தியிருந்தோம். இந்த வாரம், பகடை உருட்டுகிறவர்கள் கட்டிக்கொள்ளும் வேஷங்கள்.

1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் கொண்டுவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தில் வேஷம் மூன்றுதான்: சண்டைக்காரன், மந்திரவாதி, மதகுரு. திருடன் மறு வருஷம் வந்து சேர்ந்தான். அன்று தொடங்கிய வழக்கு இன்னும் தீரவில்லை. மந்திரவாதி இருக்கிற குழுவில் வாள் பிடித்தவனுக்கு என்ன வேலை?

பழைய விதிப்புத்தகங்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருந்தன. டாம் மோல்ட்வே தொகுத்த 1981 பதிப்பைப் பாருங்கள். முதல் லெவல் மந்திரவாதியின் உயிர்ப்புள்ளியை ஒரு நான்குமுகப் பகடை தீர்மானிக்கும். ஒன்று விழுந்தால் ஒன்றுதான். கத்தி லேசாகக் கீறினாலே ஆள் காலி. கவசம் கூடாது, ஆயுதம் குத்துவாள் மட்டும். மந்திரம் ஒன்றே ஒன்று, அதையும் சொல்லி முடித்ததும் மறந்துவிடுவான். ஓய்வெடுத்துப் புத்தகத்தைப் புரட்டினால்தான் மறுபடி வரும். இரண்டாம் லெவலுக்குப் போகத் திருடனுக்கு 1,200 அனுபவப் புள்ளி போதும், சண்டைக்காரனுக்கு 2,000, மந்திரவாதிக்கோ 2,500. இத்தனையும் தாண்டி ஐந்தாம் லெவலை எட்டியவன் தீப்பந்து எறிந்து ஓர் அறையையே பொசுக்கும்போது மேசையில் யாரும் முகம் சுளிப்பதில்லை. அதுவரை வெட்டு வாங்கி அவனை உயிரோடு கொண்டுவந்ததே அவர்கள்தானே.

சண்டைக்காரனுக்கும் பின்னால் ஒரு வரவு காத்திருந்தது. 1978-ன் ஆட்டக்காரர் கையேட்டில், ஒன்பதாம் லெவலில் அவன் பிரபு. கோட்டை கட்டினால் படையாட்கள் தாமாகவே தேடி வருவார்கள். மந்திரவாதி நெருப்பைக் கட்டியாளும் வயதில் இவன் ஊரைக் கட்டியாண்டான்.

2000-ல் வந்த மூன்றாம் பதிப்பு இதையெல்லாம் 'எளிமை' ஆக்கியது. எல்லோருக்கும் ஒரே புள்ளி அட்டவணை. எதிரி முகத்துக்கு நேரே நின்றாலும் ஒரு பகடை உருட்டிச் சமாளித்து மந்திரத்தைச் சொல்லிவிடலாம். சுருளில் மந்திரம் எழுதிச் சேர்த்துவைக்கும் வித்தை மந்திரவாதிக்கு முதல் லெவலிலேயே இலவசம். பூட்டைத் திறக்கும் மந்திரம் பழையதுதான், ஆனால் அதைச் சுருளில் எழுதி இடுப்பில் செருகிக்கொண்டவனுக்குத் திருடன் எதற்கு? சண்டைக்காரனின் படையோ யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும் ஒரு விருப்பத் தகுதியாகச் சுருங்கிப்போனது. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் நியாயமான திருத்தம். எரிச்சலூட்டிய விதிகளைத்தான் எடுத்தார்கள். அந்த எரிச்சல்தான் கடிவாளம் என்பதை யாரும் யோசிக்கவில்லை போலிருக்கிறது.

2008-ன் நான்காம் பதிப்பு கணக்கைச் சரிசெய்யப் புறப்பட்டது. வாளோ மந்திரமோ, எல்லோருக்கும் ஒரே சட்டகம்: எப்போதும் செய்யும் சில வித்தைகள், ஒரு சண்டைக்கு ஒருமுறை சில, நாளுக்கு ஒருமுறை சில. பந்தியில் எல்லா இலைக்கும் ஒரே அளவு விழுந்தது. சாப்பிட்டவர்கள்தான் எழுந்து போனார்கள். மூன்றாம் பதிப்பின் விதிகளைத் தழுவி 2009-ல் பைசோ நிறுவனம் வெளியிட்ட 'பாத்ஃபைண்டர்' பக்கம் பலர் சாய்ந்தார்கள். சண்டை ஆட்டமாக நான்காம் பதிப்பு சுத்தமான வேலை என்பேன். ஆனால் மந்திரவாதியாக இருப்பதும் சண்டைக்காரனாக இருப்பதும் ஆடும்போது வேறுவேறாகத் தெரியவில்லை என்ற புகாரைத் தள்ளிவிட முடியாது. வேஷம் கட்டுவதே வேறொருவனாக இருந்து பார்க்கத்தானே.

நடிப்புக்கு எந்த வேஷம் தோது? என் ஓட்டு பாலடினுக்கு, விரதம் பூண்ட புனித வீரனுக்கு. 1978 விதியில் அவன் மனிதனாகத்தான் இருக்க வேண்டும், வசீகரம் 17-க்குக் குறையக் கூடாது. மூன்று பகடையை உருட்டினால் 17 அல்லது 18 விழுவது 54-ல் ஒரு தடவை. வரும்படியில் பத்தில் ஒரு பங்கைத் தானம் செய்ய வேண்டும். மந்திரப் பொருள் பத்துக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. தெரிந்தே ஒரு தீமை செய்தால் சக்தி நிரந்தரமாகப் போய்விடும். அரிதாக்குவது சமநிலை ஆகாது, அது வேறு விஷயம். பகடையில் ஒருமுறை விழுந்துவிட்டால் அப்புறம் அவன்தான் ராஜா. ஆனால் அந்த விரதம்! கைதியைக் கொல்வதா விடுவதா என்று குழு குசுகுசுக்கும்போது பாலடின் வாய் திறந்தால் நாடகம் தானாகத் தொடங்கிவிடும். தொல்லை என்னவென்றால், விரதம் அவனுடையது, பத்தியம் மற்றவர்களுக்கு. அவன் முன்னால் திருடனால் ஒரு பையைக்கூடத் தொட முடியாது. 2014-ன் ஐந்தாம் பதிப்பு பழிவாங்கும் சபதம் உட்படப் பல சபதங்களிலிருந்து ஒன்றை ஆடுபவரே தேர்ந்துகொள்ளவிட்டது. நல்ல மாற்றம்.

சண்டைக்காரனின் தாளோ வெற்றுத்தாள். அதுதான் சுதந்திரம், இஷ்டப்படி நடிக்கலாம் என்பார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. அரசவையில் மந்திரவாதி மனம் மயக்குவான், பாணன் பேச்சிலேயே கவிழ்ப்பான். சண்டைக்காரனின் தாளில் இருப்பதெல்லாம் வாளின் சேதக் கணக்கு. சமநிலை என்றதும் யார் எத்தனை புள்ளி வெட்டினார்கள் என்று கூட்டிப் பார்க்கிறோம். மூன்று மணி நேர ஆட்டத்தில் சண்டை இல்லாத நேரத்தில் யார் முறை எத்தனை தடவை வந்தது என்றல்லவா எண்ண வேண்டும்? ஆட்டத்தை நடத்துபவராக நான் உட்கார்ந்தால், ஒன்பதாம் லெவல் சண்டைக்காரனுக்கு அந்தப் பழைய கோட்டையையும் ஆட்களையும் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அரசனிடம் பேச அவனுக்கும் ஏதாவது இருக்கட்டும்: வரி பாக்கி, எல்லைத் தகராறு, இருநூறு வேலாட்களின் சாப்பாட்டுச் செலவு.

(தொடரும்)