இல்லப் பாதையும் இடப்பெயரும்: செய்நிரலாக்கம் பற்றிய ஒரு நோக்கு

1658இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், குடாநாட்டின் மேற்கே கிடந்த தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று, காரைதீவு அம்ஸ்ரடாம், அனலைதீவு ரொட்டர்டாம், நெடுந்தீவு டெல்வ்ற். அங்கு வாழ்ந்தோர் தம் ஊரை என்னவென்று அழைத்தனர் என்ற கேள்வி எழவேயில்லை. இவற்றுள் நெடுந்தீவின் ஒல்லாந்தப் பெயரே இன்றும் நிர்வாக வழக்கில் ஊன்றி நிற்கிறது.

கணினிச் செய்நிரல் எழுதுவோர் அன்றாடம் செய்யும் ஒரு காரியம் இதனை ஒத்தது. ஒருவர் தம் கணினியில் ஒரு செய்நிரலை எழுதுகிறார். அது பயனரின் அமைப்புகளையும் ஆக்கங்களையும் ஓரிடத்தில் சேமிக்க வேண்டும். அவர் தம் கணினியில் அவ்விடத்துக்குள்ள முழுப் பாதையை அப்படியே குறிமுறையில் பொறித்துவிடுகிறார். செய்நிரல் அவரிடத்தில் செவ்வனே இயங்குகிறது. பிறரிடம் சென்றதும் “அத்தகைய இடம் இல்லை” என்று நின்றுவிடுகிறது. எழுதியவரின் வீடே உலகத்தார் எல்லோருடைய வீடும் என்ற அனுமானம் அங்கு தொழிற்பட்டிருக்கிறது. தன் அனுபவத்தைப் பொது அனுபவமாகக் காணும் இப்போக்கினைக் கருத்துநிலை பற்றிப் பயின்றோர் எளிதில் இனங்கண்டு கொள்வர்.

பயனரின் இல்லக் கோப்புறை பணிசெயல் முறைமைக்கேற்ப இடம் மாறுகிறது. (பாதைகளை ஈண்டுத் தமிழில் ஒலிபெயர்த்துத் தருகிறோம்.) லினக்ஸில் அது பொதுவாக /ஹோம் என்பதன் கீழும், மக் முறைமையில் /யூசர்ஸ் என்பதன் கீழும், விண்டோஸில் சி:\யூசர்ஸ் என்பதன் கீழும் அமைகிறது. இவ்வேறுபாடு தற்செயலானது அன்று. 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் உருவாக்கிய யுனிக்ஸ், ஒரே இயந்திரத்தைப் பலர் பகிர்ந்துகொள்ளும் நிலையில் தோன்றியது. இயந்திரம் நிறுவனத்துக்கு உரியது. பயனருக்கு அதனுள் ஒரு மூலை ஒதுக்கப்பட்டது. எனவே “இவருடைய இடம் எது?” என்ற வினா அங்கு தொடக்கத்திலேயே இருந்தது. 1981இல் வெளிவந்த எம்.எஸ்.டொஸ் முறைமையிலோ இயந்திரம் ஒருவரின் தனிச்சொத்து. அதனுள் தனியே வீடு எதற்கு? முதற் பதிப்பில் கோப்புறைகளே இருக்கவில்லை. 1983இல் வந்த இரண்டாம் பதிப்பு அவற்றைப் புகுத்தியபோது, சாய்கோடு ஏற்கெனவே கட்டளைகளின் தெரிவுகளைக் குறிக்கப் பயன்பட்டு வந்தமையால், பாதையைப் பிரிக்க இடஞ்சாய் கோடு வேண்டியதாயிற்று. அன்றைய சிறு வசதி ஒன்றின் விளைவை நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் செய்நிரலாளர் சுமந்து வருகின்றனர். பின்னர் அலுவலகங்களை நோக்கி விண்டோஸ் என்.ரி. உருவானபோது, பல பயனர் என்ற எண்ணமும் ஒவ்வொருவருக்கும் தனியிடம் என்ற ஏற்பாடும் உடன் வந்தன. உடைமை உறவு பாதையின் வடிவத்தை முற்றாக நிர்ணயித்தது என்று கூறின் அது கொச்சைப் பொருள்முதல்வாதமாகிவிடும். ஆயின் அதன் தடம் அங்கே இருக்கிறது.

விண்டோஸின் உள்ளேயே இவ்விடம் பலமுறை பெயர்ந்திருக்கிறது. விண்டோஸ் 2000, எக்ஸ்.பி. ஆகியவற்றில் அது ‘டொக்கியுமென்ற்ஸ் அன்ட் செற்றிங்ஸ்’ என்னும் கோப்புறையில் இருந்தது. ஜேர்மன் பதிப்பில் அக்கோப்புறையின் பெயரே ஜேர்மன் மொழியில் அமைந்தது. விஸ்ராவிலிருந்து வட்டில் உள்ள பெயர் எம்மொழிப் பதிப்பிலும் ‘யூசர்ஸ்’ என்பதே. திரையில் மட்டும் மொழிக்கேற்ற பெயர் தோன்றும். தோற்றமும் உள்ளமையும் இவ்வாறு பிரிந்தமையால், திரையிற் கண்டதைப் பார்த்துப் பாதை எழுதுவோர் ஏமாறுவர். பயனர் கணக்கின் பெயரை மாற்றினாலும் கோப்புறையின் பெயர் பழையதாகவே இருந்துவிடும். ஆகவே பயனர் பெயரைக் கொண்டு பாதையை ஊகிப்பதும் தவறு. லினக்ஸிலும் இதுவே நிலை: மூலப் பயனரின் இல்லம் /ஹோம் என்பதனுள் இல்லை, பல்கலைக்கழக வலையமைப்புகளிலே மாணவரின் இல்லம் வேறொரு சேவையகத்தில் இருக்கலாம்.

இடம் எதுவென்று ஊகிப்பதை விடுத்து முறைமையிடமே கேட்பதுதான் வழி. யுனிக்ஸ் வழி முறைமைகளில் ‘ஹோம்’ என்னும் சூழல் மாறி விடை தரும். அது இல்லையேல் பயனர் பதிவேட்டை நோக்க வேண்டும். விண்டோஸில் ‘யூசர்புரொபைல்’ என்ற மாறி உண்டு. ஆவணங்கள் முதலிய சிறப்புக் கோப்புறைகளுக்கு முறைமை வழங்கும் செயற்கூற்றை அழைத்தலே நன்று, ஏனெனில் பயனர் அவற்றை வேறொரு வட்டுக்கு மாற்றியிருக்கக் கூடும். பைதன், ஜாவா போன்ற மொழிகள் இவ்வேறுபாடுகளை மறைத்து ஒரே கேள்வியாக்கித் தருகின்றன. அவையும் மாறாதவை அல்ல: விண்டோஸில் ‘ஹோம்’ மாறியையும் பொருட்படுத்தி வந்த பைதன், 2019இல் வெளிவந்த 3.8 பதிப்பிலிருந்து இல்லப் பாதைக்கு அதனை நோக்குவதில்லை. ‘~’ என்னும் குறி பற்றியும் ஒரு சொல். 1970களில் வந்த ஏ.டி.எம்.-3ஏ என்ற முனையத்தின் விசைப்பலகையில் இக்குறியும் ‘ஹோம்’ என்ற சொல்லும் ஒரே விசையில் இருந்தமையால் அது வீட்டுக்குக் குறியீடாயிற்று. அதனை விரித்துப் பொருள் கொள்வது கட்டளை ஓடேயன்றிக் கோப்பு முறைமை அன்று. இதனை அறியாது குறிமுறையில் நேரே எழுதின், ‘~’ என்ற பெயரிலேயே ஒரு கோப்புறை புதிதாய் முளைத்து நிற்கக் காணலாம்.

இதுவரை கூறியவை எம்மொழியினர்க்கும் பொது. தமிழில் தன் பெயரை எழுத விரும்பும் ஒருவருக்கு நேர்வது வேறு. லினக்ஸ் வழங்கல்கள் இயல்புநிலையில் பயனர் பெயரை உரோமன் எழுத்துகளிலேயே ஏற்கின்றன. விண்டோஸ் தமிழ்ப் பெயரைத் தாராளமாய் ஏற்கிறது; இடர் அதன் பின்னரே தொடங்குகிறது. விண்டோஸின் பழைய செய்நிரல்கள் ஒவ்வொரு மொழிக் குழுவுக்கும் உரிய எழுத்துக்குறிப் பக்கம் ஒன்றைச் சார்ந்து இயங்குபவை. தமிழுக்கு அத்தகைய பக்கம் வழங்கப்படவே இல்லை. யுனிக்கோட் வாயிலாக மாத்திரமே அது விண்டோஸில் இடம்பெற்றது. ஆகையால் பழைய முறையில் எழுதப்பட்ட செய்நிரல், பாதையில் உள்ள தமிழ்ப் பெயரைக் கேள்விக்குறிகளாக மாற்றிவிடும். கேள்விக்குறியோ விண்டோஸ் பாதையில் அனுமதிக்கப்படாத குறி. வீடு இருக்கிறது, வீட்டுக்காரரும் உள்ளே இருக்கிறார், முகவரிதான் எழுத இயலாததாகிறது. “பெயரை ஆங்கிலத்தில் வைத்துக்கொள்” என்ற அறிவுரை இவ்வாறுதான் பிறந்தது. அது நடைமுறைக்கு உகந்த அறிவுரை என்பதில் ஐயமில்லை. ஆனால் செலவை யார் ஏற்பது என்ற கேள்வியை அது பயனரின் தலையில் கட்டிவிடுகிறது. 2019 முதல் விண்டோஸ் 10இல், ஒரு செய்நிரல் யூ.ரி.எவ்.-8 குறியாக்கத்தைத் தனக்குரியதாக அறிவித்துக்கொள்ள இயலும். எனவே இக்குறையைக் களைவது இன்று தொழில்நுட்ப அளவில் கடினமன்று.

செலவு என்றது உருவகமன்று. யூ.ரி.எவ்.-8 குறியாக்கத்தில் உரோமன் எழுத்து ஒரு பைற்றில் அடங்கும். தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று வேண்டும். ‘நயினாதீவு’ நம் கண்ணுக்கு ஐந்தெழுத்து. கணினிக்கு உயிர்மெய்க் குறிகளையும் சேர்த்து ஒன்பது குறிகள். ஆக 27 பைற்று. லினக்ஸின் பொதுவான கோப்பு முறைமைகளில் ஒரு பெயரின் எல்லை 255 பைற்று. ஆங்கில நூற்பெயருக்கு 255 குறிகள் கிடைக்குமிடத்தில் தமிழ் நூற்பெயருக்கு 85 குறிகளே கிடைக்கும். கும்பாபிஷேக மலர்களின் நீண்ட தலைப்புகளைக் கண்டோர்க்கு இதன் பொருள் விளங்கும்.

இன்னொரு சிக்கல் இதனினும் நுண்ணியது. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலைப் பற்றிய ஆவணம் ஒன்றுக்குக் ‘கோயில்’ எனப் பெயரிடுவதாகக் கொள்வோம். ‘கோ’ என்பதில் உள்ள உயிர்க்குறியை யுனிக்கோட்டில் ஒரே குறியாகவும் எழுதலாம். ஏகாரக் கொம்பும் காலுமாகப் பிரித்து இரு குறிகளாகவும் எழுதலாம். ‘கொ’, ‘கௌ’ ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். திரையில் வேறுபாடு தெரியாது. மக் கணினிகளின் பழைய கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமித்தது. 2017இல் வந்த புதியது இரு வடிவத்தையும் ஒன்றெனவே கொள்கிறது. லினக்ஸ் பைற்றுகளை மட்டும் பார்ப்பது. அதற்கு அவை இரு வேறு பெயர்கள். பழைய மக் கணினியிலிருந்து லினக்ஸுக்குச் சென்ற ‘கோயில்’ அங்கு தட்டச்சிட்டுத் தேடுவோர்க்கு அகப்படாது. இடப்பெயர் ஆய்வில் நமக்குப் பழக்கமான சிக்கல் இதன் மறுதலை: அங்கே நயினாதீவு, நாகதீபம், மணிபல்லவம் என வேறுபட்ட பெயர்கள் ஒரே இடத்தைச் சுட்டுமா என்று வாதிடுகிறோம், இங்கே ஒன்றாகவே தோன்றும் பெயர்கள் இரு வேறாகின்றன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை நெருப்புக்கு இழந்த சமூகம், 2005 முதல் நூலகம் எண்ணிம நூலகத்தின் வழி தன் ஆவணங்களை மின்வடிவில் சேகரித்து வருகிறது. அத்தகைய சேகரங்களைப் பொறுத்தவரை, பெயர் பிசகிய கோப்பு இருந்தும் இல்லாததே.

நயினாதீவில் உள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு இவ்விடத்து நினைவுக்கு வருகிறது. கா. இந்திரபாலா 1963இல் அதனை ஆராய்ந்து வெளியிட்டார். பரதேசத்து வணிகர் ஊராத்துறையில் வந்து தங்க வேண்டும், அவர்கள் காக்கப்பட வேண்டும் என்கிறது அது. யானை, குதிரை கொண்டுவரும் கலம் உடைந்தால் பண்டாரத்துக்குக் காற்பங்கு, உடையவருக்கு முக்காற்பங்கு; வணிகச் சரக்குக் கலமாயின் பாதிக்குப் பாதி. வருவோர் இன்னார் என்று அதை வெட்டுவித்தோர்க்குத் தெரியாது. கருணையினும் வணிக நலனே அதன் அடிப்படை என்பது வெளிப்படை. எனினும் முன்னறியாதவர் வருவர் என்பதைக் கணக்கிற் கொண்டு, விதியைச் சிங்கள மன்னன் தமிழில் வெட்டுவித்தான்.

செய்நிரலைச் சோதிப்போரும் முன்னறியாத பயனரைக் கணக்கிற் கொள்ள வேண்டியவரே. பெயரில் இடைவெளியும் ‘கோ’ அல்லது ‘கொ’ எழுத்தும் உள்ள ஒரு தமிழ்க் கணக்கை விண்டோஸில் திறந்து, அதன் இல்லத்தில் ஒருமுறை இயக்கிப் பார்த்தல் வேண்டும். சோதனைக்கு ‘நயினாதீவு’ என்ற பெயர் மட்டும் போதாது; அதில் ஒகரமும் இல்லை, ஓகாரமும் இல்லை.