கடல்மேல் ஓர் அஞ்சலகம்

கரை காணாக் கடலில் மாதக்கணக்கில் உலவும் போர்க்கப்பலுக்குக் கடிதம் எவ்வாறு சென்று சேரும்? அமெரிக்கக் கடற்படையின் நிமிட்ஸ் வகை வானூர்தி தாங்கிக் கப்பல் ஏறத்தாழ 333 மீட்டர் நீளமுடையது. அதில் வாழ்வோர் ஏறக்குறைய 5000 பேர். மாலுமிகள் மூன்றடுக்குப் படுக்கைகளில் உறங்குவர். முறைவைத்துப் பணிபுரிவோருக்காக நள்ளிரவிலும் உணவு பரிமாறப்படும். கடல்நீரே காய்ச்சி வடிக்கப்பட்டுக் குடிநீராகும். மருத்துவப் பிரிவு, முடிதிருத்தகம், சலவையகம் ஆகியவற்றோடு அஞ்சலகமும் அங்கு உண்டு.

போர்க்கப்பல்களில் அஞ்சலகம் அமைய 1908ஆம் ஆண்டு அந்நாட்டுச் சட்டம் வழிவகுத்தது. கப்பல் இருக்கும் இடம் மறைபொருள். ஆதலின், முகவரியில் அவ்விடம் குறிக்கப்படுவதில்லை. பெறுநர் பெயர், கப்பலின் பெயர், அக்கப்பலுக்கே உரிய அஞ்சல் குறியீட்டெண் ஆகியவற்றைக் கொண்டே மடல் உரியவரை அடையும். அஞ்சற்பைகளை வானூர்தியோ வழங்கல் கப்பலோ கொணரும். இன்று மின்னஞ்சல் உண்டு. ஆயினும், மறைபொருள் காக்க வேண்டிய வேளைகளில் அது நிறுத்தப்படும்.

இரண்டாம் உலகப்போரின்போது சரக்குக் கப்பல்களில் இடம் அரிதாயிற்று. எனவே, கடிதங்களை நுண்படச் சுருளில் பதித்து அனுப்பி, சேருமிடத்தில் மீண்டும் தாளில் அச்சிடும் முறை 1942இல் தொடங்கியது. 37 பைகளை நிரப்பக்கூடிய 1,50,000 மடல்கள் ஒரே பையில் அடங்கின.

தாம் எங்கிருக்கிறோம் என்பதை வீரர்கள் எழுதலாகாது. அதிகாரி படித்துத் தணிக்கை செய்த பின்னரே மடல் புறப்பட்டது. எனினும், மகன் எங்கிருக்கிறான் என்றறியாத தாய்க்கு, எழுதிய நாளில் அவன் உயிரோடு இருந்தான் என்று அறிவித்தது அம்மடலே.