மோதாமல் பழகுவது எப்படி? மெல்பேர்னில் ஓர் உதைபந்தாட்டப் பயிற்சியும் மூளைக் காயம் பற்றிய கேள்வியும்

அவுஸ்திரேலிய உதைபந்தாட்டப் போட்டிகள் மார்ச் மாதத்தில் ஆரம்பித்து செப்டெம்பர் இறுதி வரை நடக்கின்றன. தொலைக்காட்சி காட்டுவது அந்த மாதங்களைத்தான். ஆனால் ஓர் அணியின் கடுமையான உழைப்பு அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. இளம் வீரர்கள் நவம்பரிலேயே கழகத்துக்குத் திரும்புகிறார்கள். மூத்தவர்கள் சில நாட்கள் கழித்து வந்து சேர்கிறார்கள். நத்தார் காலத்தில் சிறிய இடைவெளி. பின்னர் ஜனவரி வெயிலில் மீண்டும் ஓட்டம். பெப்ரவரியில்தான் வேறு அணிகளுடன் பயிற்சிப் போட்டிகள். இந்தக் காலத்தை இங்குள்ளவர்கள் ‘பிரீசீசன்’ என்று அழைக்கிறார்கள். எந்த இளம் வீரர் தேறியிருக்கிறார், யார் காயத்திலிருந்து மீண்டிருக்கிறார் என்று பார்ப்பதற்காகவே வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு வரும் இரசிகர்கள் மெல்பேர்னில் இருக்கிறார்கள்.

கடந்த ஜனவரியில் ஒரு காலைப்பொழுது, நண்பர் ஒருவரோடும் அவரது பத்து வயது மகனோடும் அப்படியொரு பயிற்சியைப் பார்க்கப் போயிருந்தேன். மெல்பேர்ன் கழகம் வழக்கமாகப் பயிற்சி செய்யும் இடங்களில் ஒன்று கொஷ்ஸ் படொக். இது நகரத்தின் விளையாட்டு வளாகத்துக்குள் இருக்கும் ஒரு பொதுப் பூங்கா. நுழைவுச்சீட்டு கிடையாது. நாய்களோடு நடக்க வருபவர்களும் பார்வையாளர்கள்தான். ரயில் பாதைக்கு அப்பால் எம்.சி.ஜி மைதானத்தின் மின்விளக்குக் கோபுரங்கள் தெரிகின்றன. மேற்கே அரங்கு ஒன்றைத் தாண்டினால் பரம எதிரியான கொலிங்வூட் அணியின் பயிற்சி மைதானம் வந்துவிடும்.

கிரிக்கெட் வீரர்களுக்காகப் பிறந்த ஆட்டம்

இந்த ஆட்டம் எங்கள் வாசகர்கள் பலருக்கும் புதிது. கிரிக்கெட் மைதானம் போன்ற நீள்வட்டத் தரையில் அணிக்கு 18 பேர் விளையாடுவார்கள். பந்தும் நீள்வட்டமானது. அதை உதைக்கலாம், அல்லது ஒரு கையில் ஏந்தி மறு கையின் முட்டியால் குத்தி அனுப்பலாம். எறியக்கூடாது. பந்தோடு ஓடுபவர் 15 மீற்றருக்கு ஒரு தடவையாவது அதைத் தரையில் தட்ட வேண்டும். இரு முனைகளிலும் நான்கு கம்பங்கள் நிற்கும். நடுக் கம்பங்களுக்கு ஊடாக உதைத்தால் 6 புள்ளிகள், பக்கத்து இடைவெளிக்குள் போனால் 1 புள்ளி.

1858இல் டொம் வில்ஸ் என்ற கிரிக்கெட் வீரர், குளிர்காலத்தில் கிரிக்கெட்காரர்களின் உடல் தளர்ந்துவிடாமல் இருக்க ஓர் உதைபந்தாட்டக் கழகம் வேண்டும் என்று பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். மெல்பேர்ன் கழகம் தன் தொடக்கமாகக் கொள்வது அந்த ஆண்டைத்தான். அடுத்த ஆண்டில் விதிகள் எழுதப்பட்டன.

ஆட்டத்தில் ‘ஓஃப்சைட்’ விதி இல்லை. அதனால் அடி எந்தத் திசையிலிருந்தும் வரலாம். ரக்பியில் எதிராளி பெரும்பாலும் முன்னால் நிற்பார். இங்கே முதுகுக்குப் பின்னாலிருந்தும் பாய்வார். உயரே வரும் பந்தைப் பிடிக்க மற்றவரின் தோளில் முழங்காலை ஊன்றி எழும்புவதும் ஆட்டத்தின் அழகுகளில் ஒன்று. ஒரு போட்டியில் ஓர் அணி மட்டும் ஏறத்தாழ 60 தடவைகள் எதிராளியைக் கட்டிப் பிடித்து வீழ்த்துகிறது. அதை ‘டக்கிள்’ என்கிறார்கள்.

இரண்டு மணித்தியாலத்தில் என்ன நடக்கிறது?

நாற்பதுக்கும் மேற்பட்ட வீரர்கள். எல்லோருடைய முதுகிலும், தோள்பட்டைகளுக்கு நடுவே, சின்னதாக ஒரு புடைப்பு. அது ஜி.பி.எஸ் கருவி. யார் எத்தனை மீற்றர் ஓடினார், எத்தனை தடவை முழு வேகத்தில் பாய்ந்தார் என்பதெல்லாம் அதில் பதிவாகும். ஒரு போட்டியில் வீரர்கள் 12 முதல் 15 கிலோமீற்றர் வரை ஓடுவதுண்டு. அதற்கு உடலைத் தயாராக்குவதுதான் இந்த மாதங்களின் முதல் வேலை. 2 கிலோமீற்றர் நேர ஓட்டம் ஒவ்வொரு கழகத்திலும் ஒரு சடங்கு போல நடக்கும். வேகமானவர்கள் ஏறத்தாழ 6 நிமிடங்களில் முடித்துவிடுவார்கள்.

நாங்கள் பார்த்த அன்று முதல் அரை மணித்தியாலம் கைக்குத்தும் குறுந்தூர உதைகளும். பின்னர் வீரர்கள் சிறு குழுக்களாகப் பிரிந்தார்கள். ஒரு குழு கோலை நோக்கி உதைத்துப் பழகியது. இன்னொரு குழு, பஞ்சு மெத்தை போன்ற தடுப்புகளைப் பிடித்து நின்ற உதவிப் பயிற்றுநர்களின் மீது தோளால் இடித்துப் பழகியது. கடைசி அரை மணித்தியாலம்தான் எல்லோரும் காத்திருந்த பகுதி: அணியை இரண்டாகப் பிரித்து நடக்கும் மாதிரிப் போட்டி. ஓரமாக நின்றவர்கள் கையிலிருந்த கோப்பிகளைக் கீழே வைத்துவிட்டு அருகே வந்தார்கள்.

அப்போதுதான் நண்பரின் மகன் கேட்டான்: “மாமா, அந்த வேற நிறப் பெனியன் போட்ட அண்ணாவை மட்டும் ஏன் ஒருத்தரும் பிடிக்கினமில்லை?”

அவன் சொன்னது சரி. எல்லோரையும் போலவே அந்த வீரரும் ஓடினார், பந்தை வாங்கினார், கொடுத்தார். எதிராளிகள் மட்டும் அவரை நெருங்கியதும் கையால் மெதுவாகத் தொட்டுவிட்டு விலகினார்கள். பக்கத்தில் நின்ற வயதான பெண்மணி ஒருவர், கழகத்தின் கருநீலமும் சிவப்பும் கலந்த தொப்பி அணிந்தவர், எனக்கு முன்னரே விளக்கம் சொன்னார். வேற்று நிற உடுப்பு என்றால் மோதல் கூடாது என்று அர்த்தம். காயத்திலிருந்து திரும்புகிறவர்களுக்கு அது. தோளாகவும் இருக்கலாம், தலையாகவும் இருக்கலாம் என்று சொல்லி, தன் தலையை விரலால் தட்டிக் காட்டினார்.

அதன் பிறகு நானும் அடிகளை எண்ணுவதை விட்டுவிட்டு, அடி எங்கே தவிர்க்கப்படுகிறது என்று பார்க்கத் தொடங்கினேன். இரண்டு மணித்தியாலத்தில் உண்மையான மோதல் நடந்தது சிறிது நேரந்தான். மிகுதி நேரமெல்லாம் மோதலின் சாயலைத்தான் பழகினார்கள்.

பயிற்சியில் முடிந்துபோன வாழ்க்கைகள்

இந்த எச்சரிக்கைக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. மெல்பேர்ன் கழகத்துக்கு அது மிக அண்மைய வரலாறு.

57 ஆண்டுகள் காத்திருந்து 2021இல் அந்தக் கழகம் வெற்றிக்கிண்ணத்தை வென்றபோது, அணியில் இருந்தவர்களில் ஒருவர் அங்கஸ் பிரேஷோ. முன்னரே பல தடவைகள் மூளை அதிர்ச்சிக்கு உள்ளானவர். மென்மையான தலைக்கவசம் அணிந்தே விளையாடுவார். 2023 செப்டெம்பர் 7ஆம் திகதி, எம்.சி.ஜியில் கொலிங்வூட்டுக்கு எதிரான இறுதிச்சுற்றுப் போட்டியில், அவர் உதைத்த பந்தைத் தடுக்கப் பாய்ந்த பிரேடன் மேனார்ட்டின் தோள் அவரது தலையில் மோதியது. அவர் மயங்கி விழுந்தார். ஒழுக்காற்றுக் குழு மேனார்ட்டைக் குற்றமற்றவர் என விடுவித்தது. அதன் பின்னர் அப்படிப் பாய்ந்து தடுப்பவரின் பொறுப்பு பற்றிய விதி இறுக்கப்பட்டது. அடுத்த பருவத்துக்கான தயாரிப்புகள் நடந்துகொண்டிருந்த 2024 பெப்ரவரியில், மூளையில் நுண்ணிய மாற்றங்கள் தெரிவதாக மருத்துவர்கள் சொன்னதையடுத்து பிரேஷோ ஓய்வு பெற்றார். வயது 28.

அவருக்கு அடி விழுந்தது பல்லாயிரம் பேர் பார்த்த போட்டியில். வேறு சிலருக்கோ யாரும் பார்க்காத பயிற்சியில். அடிலெய்ட் அணியின் போல் சீட்ஸ்மன் 2021 டிசெம்பரில் பயிற்சியின்போது மூளை அதிர்ச்சிக்கு உள்ளானார். அதன் பிறகு ஏ.எஃப்.எல் போட்டி ஒன்றில்கூட அவரால் விளையாட முடியவில்லை. வெஸ்டர்ன் புல்டோக்ஸ் கழகம் 2023இல் தெரிவுசெய்த ஏய்டன் ஓ’ட்ரிஸ்கொல் என்ற பதின்ம வயது இளைஞரின் கதை இன்னும் கொடியது. 2024 பருவத்துக்கு முந்தைய பயிற்சியில் தலையில் அடிபட்டது. அதே ஆண்டில் மருத்துவக் காரணத்தால் ஓய்வு. முதலாவது போட்டியை அவர் ஆடவேயில்லை.

தலைக்கவசம் ஏன் காப்பாற்றவில்லை என்று பலர் கேட்கிறார்கள். மண்டையோட்டுக்குள் மூளை மென்மையான ஒரு பொருளாக, திரவத்தால் சூழப்பட்டு இருக்கிறது. தலை திடீரென நின்றாலோ சுழன்றாலோ மூளை உள்ளே அசைந்து இழுபடுகிறது. கவசம் வெட்டுக்காயத்தைத் தடுக்கும். உள்ளே நடக்கும் அசைவை அது நிறுத்தாது.

சி.ரி.ஈ என்ற நோய் இதைவிடச் சிக்கலானது. ஆண்டுக்கணக்காகத் தலையில் விழும் அடிகளோடு தொடர்புபட்ட மூளைச் சிதைவு அது. நினைவாற்றலும் மனநிலையும் நடத்தையும் பாதிக்கப்படலாம். உயிரோடு இருக்கும்போது அதை உறுதிப்படுத்த வழியில்லை. இறந்தபின் மூளையைப் பகுத்தாய்ந்தே சொல்ல முடியும். இந்த ஆட்டத்தின் மாபெரும் வீரர்களில் ஒருவரான கிரஹாம் ‘பொலி’ ஃபார்மர் 2019இல் காலமானார். ஏ.எஃப்.எல் வீரர்களில் முதன்முதலில் இந்நோய் கண்டறியப்பட்டது அவரிடந்தான். அதே ஆண்டில் இறந்த டனி ஃப்ரோலியிடமும், 2020இல் 38 வயதில் இறந்த ஷேன் டக்கிடமும் அது இருந்தது. 2022இல் 28 வயதில் இறந்த ஹெதர் அண்டர்சன், உலகிலேயே இந்நோய் கண்டறியப்பட்ட முதலாவது தொழில்முறை விளையாட்டு வீராங்கனை.

மயங்கி விழச் செய்த பெரிய அடிகள் மட்டுமே இந்நோயோடு தொடர்புபட்டவை அல்ல. எந்த அறிகுறியும் காட்டாத சிறிய அடிகள் ஆண்டுக்கணக்கில் சேர்வதையே ஆய்வாளர்கள் முக்கியமாகச் சுட்டுகிறார்கள். அப்படியானால் போட்டியில் விழும் அடியை மட்டும் கணக்கில் எடுத்துப் பயனில்லை. போட்டி வாரத்தில் ஒரு நாள். பயிற்சியோ பல நாட்கள்.

ஷேன் டக்கின் மரணத்தை விசாரித்த விக்டோரியா மாநில மரண விசாரணை அதிகாரி 2023 டிசெம்பரில் வெளியிட்ட முடிவுகளில் இதைத் தெளிவாகவே தொட்டார். பருவத்துக்கு முன்னரும் பருவத்தின்போதும் நடக்கும் மோதல் பயிற்சிகளின் எண்ணிக்கையை மட்டுப்படுத்த வேண்டும் என்று அவர் பரிந்துரைத்தார். அதே ஆண்டில் செனட் குழு ஒன்றும் தொடர் தலைக் காயங்கள் குறித்து அறிக்கை வெளியிட்டது. முன்னாள் வீரர்கள் சிலர் ஏ.எஃப்.எல்லுக்கு எதிராக விக்டோரியா உயர் நீதிமன்றத்தில் கூட்டு வழக்குத் தொடுத்ததும் 2023இல்தான்.

முழுதாக விலக்கவும் முடியாது

அப்படியென்றால் பயிற்சியில் மோதலையே நிறுத்திவிடலாமே? பயிற்றுநர்களின் பதில் எளிதில் தள்ளிவிட முடியாதது. டக்கிள் செய்வது ஒரு திறமை. தலையை எந்தப் பக்கம் வைப்பது, தரையிலுள்ள பந்தை எடுக்கையில் உடலை எப்படித் திருப்புவது, விழும்போது தோளை எப்படி உருட்டுவது என்பதெல்லாம் பழகித்தான் வரும். பழகாத வீரரை நேரே போட்டிக்குள் இறக்கினால் அவருக்கும் ஆபத்து, எதிராளிக்கும் ஆபத்து. நான் பார்த்த பயிற்சி இந்த இரண்டு ஆபத்துகளுக்கும் நடுவே அளந்து போடப்பட்ட ஒன்று. மெத்தையில் இடிப்பது நுட்பத்துக்கு. கையால் தொடுவது ஓட்டத்துக்கு. கடைசிச் சில நிமிட முழு மோதல் உண்மைக்கு.

அடிபட்டபின் திரும்பும் வழியும் இப்படியே படிப்படியானது. மூளை அதிர்ச்சி உறுதியானால் ஏ.எஃப்.எல் வீரர் ஒருவர் மிக விரைவாகத் திரும்பக்கூடியது 12ஆம் நாளில். முதலில் ஓய்வு, பின்னர் இலேசான ஓட்டம், பின்னர் மோதலற்ற பயிற்சி, கடைசியாக முழுப் பயிற்சி. ஒரு படியில் அறிகுறி திரும்பினால் மேலே போக முடியாது. உள்ளூர்க் கழகங்களிலும் சிறுவர் அணிகளிலும் குறைந்தது 21 நாட்கள் காத்திருக்க வேண்டும். சிறுவர்களுக்குக் காலம் கூட. காரணம், வளர்ந்துவரும் மூளை ஆற அதிக நேரம் எடுக்கலாம். அங்கே முழுநேர மருத்துவர்களும் இல்லை.

இந்த நகரத்தின் தமிழ்க் குடும்பங்களுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. எங்கள் பிள்ளைகள் ‘ஒஸ்கிக்’ எனப்படும் சிறுவர் பயிற்சியில் சேர்கிறார்கள். அந்தச் சிறிய வயதில் டக்கிள் கிடையாது. சில ஆண்டுகளில் அது வந்துவிடும். நண்பரின் மகன் இப்போது அந்த எல்லையில்தான் நிற்கிறான். தாய் வேண்டாம் என்கிறார், தகப்பன் விளையாடட்டும் என்கிறார். இரண்டு பேரிடமும் நியாயம் இருக்கிறது. வகுப்பில் நண்பர்கள் கிடைத்ததும், இந்த நாடு தன்னுடையது என்ற எண்ணம் அந்தப் பிள்ளைக்கு வந்ததும் இந்த ஆட்டத்தால்தான்.

இலங்கையில் இருக்கும் பெற்றோருக்கும் இதில் எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. ரக்பியோ, உதைபந்தாட்டமோ, கபடியோ, பாடசாலை மைதானத்தில் தலையில் அடிபட்ட பிள்ளை முகத்தைக் கழுவிவிட்டு மறுபடி ஆட இறங்குவதை நாங்கள் வீரமாகவே பார்த்துப் பழகியிருக்கிறோம். பிள்ளையை அணியில் சேர்க்கும்போது பயிற்றுநரிடம் மூன்று கேள்விகள் கேட்கலாம். வாரத்தில் எத்தனை நாள் முழு மோதல் பயிற்சி நடக்கிறது? தலையில் அடிபட்டால் யார் பரிசோதிப்பார்? அந்தப் பிள்ளை இன்று ஆடக்கூடாது என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? மூன்றாவது கேள்விக்கு ‘பிள்ளையிடமே’ என்று பதில் வந்தால், அந்த அணியில் சேர்ப்பதற்கு முன் இன்னொரு தடவை யோசிப்பது நல்லது. அடிபட்ட பிள்ளை எப்போதும் ‘ஒன்றுமில்லை, நான் விளையாடுவன்’ என்றுதான் சொல்லும்.