குழந்தைகளின் பற்சொத்தைக்குக் குறைந்த இடையீட்டுச் சிகிச்சை: கள்ளக்குறிச்சி, கல்வராயன் மலைப் பகுதியை முன்வைத்து

முன்னுரை

விழுந்து முளைக்கப்போகும் பல்தானே என்னும் எண்ணத்தால் பால்பற்களில் தோன்றும் சொத்தை பெரும்பாலும் பொருட்படுத்தப்படுவதில்லை. ஆயினும், பால் கடைவாய்ப் பற்கள் ஏறத்தாழ 10 முதல் 12 வயது வரை நிலைத்திருக்க வேண்டியவை. அவற்றை முன்னரே இழப்பின் மென்றுண்ணல் குறையும். நிலைப்பற்களுக்குரிய இடமும் சுருங்கும். கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரம் போன்ற கூலித் தொழிலாளர் குடியிருப்புகளுக்கும், மலையாளிப் பழங்குடியினர் வாழும் கல்வராயன் மலைச் சிற்றூர்களுக்கும் மருத்துவமனைக்குப் பலமுறை செல்வது என்பது அத்தனை நாள் கூலியை இழப்பதாகும். ஆதலின், துளையிடும் கருவியும் மரப்பு ஊசியும் வேண்டாத முறைகள் இப்பகுதிக்கு எவ்வாறு பொருந்தும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கொள்கை மாற்றம்

வாயிலுள்ள நுண்ணுயிரிகள் சர்க்கரையை அமிலமாக்குகின்றன. அவ்வமிலம் பல்லின் தாதுப்பொருளைக் கரைக்கிறது. சிதைந்த பகுதி முழுவதையும் குடைந்தெடுப்பதே முன்னைய முறை. நுண்ணுயிரிகளுக்குச் சர்க்கரை எட்டாதவாறு பல்லை அடைத்துவிட்டால் சொத்தை மேலும் பரவாது என்பது இன்றைய தெளிவு.

மூன்று முறைகள்

முதலாவது, 38 விழுக்காட்டு வெள்ளி டையமின் புளூரைடு. சப்பானில் உருவான இம்மருந்தைச் சிறு தூரிகையால் சொத்தையின்மீது தடவுவர். வெள்ளி நுண்ணுயிரிகளை அழிக்கும். புளூரைடு பல்லை உறுதிப்படுத்தும். பொதுவாக ஆறு மாதத்திற்கு ஒருமுறை மீண்டும் தடவுதல் நலம். உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் இதனை இன்றியமையா மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

இரண்டாவது, 1980களின் நடுவில் தான்சானியாவில் வளர்த்தெடுக்கப்பட்ட கைக்கருவி முறை. மென்மையான சிதைவை மட்டும் கைக்கருவியால் அகற்றிக் கிளாஸ் அயனோமர் சிமென்டால் அடைப்பர். இதற்கு மின்சாரம் தேவையில்லை.

மூன்றாவது, ஸ்காட்லாந்துப் பல் மருத்துவர் நோர்னா ஹால் பெயரால் வழங்கும் முறை. சொத்தையை அகற்றாமலே பால் கடைவாய்ப் பல்லின்மேல் எஃகு உறை பொருத்தப்படுகிறது.

பல்லின் கூழ்வரை சிதைவு எட்டியிருப்பினும், ஈறில் சீழ் கட்டியிருப்பினும் இம்முறைகள் பயன்படா. வெள்ளி ஒவ்வாமை உடையோர்க்கு முதல் முறை கூடாது.

நடைமுறைப் பொருத்தம்

2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் நடமாடும் மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இருமுறையும், அரசுப் பள்ளி மாணவர்களை ஒருமுறையும் பரிசோதிக்கின்றனர். பற்சொத்தையும் அப்பரிசோதனையில் அடங்கும். அங்கன்வாடி வருகைக்குரிய இடைவெளியும் மருந்தை மீண்டும் தடவுதற்குரிய இடைவெளியும் ஒத்திருத்தல் கருதத்தக்கது. எனினும், தேசிய வழிகாட்டுதலின்படி அக்குழுவில் பல் மருத்துவர் இடம்பெறுவதில்லை. கண்டறிதல் பரிந்துரைச் சீட்டோடு நின்றுவிடாமல் அவ்விடத்திலேயே சிகிச்சையாக வேண்டுமாயின் பல் மருத்துவர் ஒருவரும் உடன் செல்லுதல் வேண்டும்.

மருந்து பட்ட சொத்தை நிலையாகக் கறுத்துவிடுவது மற்றொரு சிக்கல். முன்பற்களில் இது வெளிப்படத் தெரியும். முன்னரே சொல்லப்படாவிடில், மருந்தால் பல் கெட்டது என்றே பெற்றோர் கருதுவர். அடுத்த வருகையில் குழந்தையை அனுப்பவும் தயங்குவர். எனவே, கறுத்த பல்லின் படத்தைக் காட்டி, அக்கருமை மருந்தின் விளைவே என விளக்கி இசைவு பெறுதல் சிகிச்சையின் ஒரு பகுதியாகும்.

முடிவுரை

இம்முறைகள் ஏழைகளுக்கென ஒதுக்கப்பட்ட தரம் குறைந்த மருத்துவம் அல்ல; வளர்ந்த நாடுகளிலும் குழந்தைகளுக்குக் கையாளப்படுபவை. எனினும், ஒருமுறை தடவிவிட்டு மீண்டும் செல்லாத திட்டத்தால் முழுப்பயன் விளையாது. மலைச் சிற்றூர்களில் இம்முறைகளின் வெற்றி, மருந்தின் ஆற்றலோடு குறித்த காலத்தில் திரும்பச் செல்லும் ஒழுங்கையும் பொறுத்தது.