கொடுத்த விலைக்கு ஏசி உழைக்க வேண்டுமானால்

கோடையில் ஏசி வாங்கச் செல்லும் குடும்பங்கள் பெரும்பாலும் விலையையும் தள்ளுபடியையுமே ஒப்பிட்டுப் பார்க்கின்றன. ஆனால், நாள்தோறும் பல மணி நேரம் ஏசி ஓடும் வீடுகளில், கருவியின் ஆயுட்காலத்தில் கட்டப்படும் மின்கட்டணம் கடையில் கொடுத்த தொகையை மிஞ்சிவிடுவது இயல்பு. ஏசி குளிரைத் தயாரிப்பதில்லை. அறையிலுள்ள வெப்பத்தைக் குளிரூட்டும் வாயுவின் துணையால் உறிஞ்சி வெளியில் கொண்டுபோய் விடுகிறது. எனவே, அறைக்குள் எவ்வளவு வெப்பம் புகுகிறதோ அவ்வளவு வேலை கருவிக்கு, அவ்வளவு செலவு வீட்டுக்காரருக்கு.

தமிழ்நாட்டில் இந்த வெப்பம் புகும் பெருவழி மொட்டைமாடிதான். பகல் முழுவதும் வெயிலை வாங்கிச் சூடேறும் கான்கிரீட் தளம், அந்தச் சூட்டை இரவில் மெல்ல மெல்லக் கீழேயுள்ள அறைக்குள் விடுவதால், பத்து மணிக்குப் படுக்கையறையில் ஏசியைப் போடும்போதும் அது பகல் வெயிலோடுதான் போராடிக்கொண்டிருக்கிறது. வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சோ வெள்ளை ஓடுகளோ தளத்தின் மேல் இருந்தால் இந்தச் சுமை கணிசமாகக் குறையும். மேற்குப் பார்த்த சன்னலுக்கு உள்ளே திரை போடுவதைவிட வெளியே தட்டியோ சாய்ப்போ அமைப்பது மேலானது. ஏனெனில், கண்ணாடியைக் கடந்து வந்துவிட்ட வெயிலின் பெரும்பகுதி அறையிலேயே தங்கிவிடுகிறது. கதவின் அடியிலுள்ள இடைவெளியை அடைப்பதற்குச் செலவு மிகக் குறைவு. இவற்றைச் செய்த பிறகு கருவியின் அளவைத் தீர்மானிப்பதே முறையான வரிசை.

கருவியின் அளவைச் சொல்லும் ‘டன்’ அதன் எடையைக் குறிப்பதன்று. ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகுவதற்கு எவ்வளவு வெப்பம் தேவையோ, அதே வெப்பத்தை அதே நேரத்தில் வெளியேற்றும் திறனையே அது குறிக்கிறது, அதாவது ஏறத்தாழ 3.5 கிலோவாட். பெரிதாக வாங்கினால் நல்லது என்ற எண்ணம் கடலோர ஊர்களில் குறிப்பாகத் தவறாகிறது. தேவைக்கு மிஞ்சிய கருவி அறையை விரைவில் குளிர்வித்து நின்றுவிடுவதால், காற்றிலுள்ள ஈரத்தை வடிப்பதற்கு அதற்குப் போதிய நேரம் கிடைப்பதில்லை. அறை சில்லென்று இருந்தும் உடம்பு பிசுபிசுக்கும். தேவைக்கேற்பக் கம்ப்ரஸரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் வகை, இக்குறையை ஓரளவு தவிர்ப்பதோடு மின்சாரத்தையும் மிச்சப்படுத்துகிறது.

பி.இ.இ. எனப்படும் மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் வழங்கும் நட்சத்திரச் சீட்டில், நட்சத்திரங்களைவிட ஐ.எஸ்.இ.இ.ஆர். என்ற எண்ணே கூடுதல் செய்தி சொல்கிறது. ஓராண்டில் வெளியேற்றப்படும் மொத்த வெப்பத்தை அதற்குச் செலவாகும் மொத்த மின்சாரத்தால் வகுத்துப் பெறும் விகிதம் அது. நட்சத்திரத்துக்கான வரம்புகள் அவ்வப்போது உயர்த்தப்படுவதால், பழைய ஐந்து நட்சத்திரமும் புதிய ஐந்து நட்சத்திரமும் ஒன்றல்ல, எண்ணோ மாறுவதில்லை. 3.8 விகிதமுள்ள கருவி 1000 யூனிட் எடுக்கும் வேலையை 5.0 விகிதமுள்ளது 760 யூனிட்டில் முடித்துவிடும். மிச்சமாகும் 240 யூனிட்டின் மதிப்பு, ஒரு யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 1920 ரூபாய். விலை வேறுபாடு 10,000 ரூபாயாக இருந்தால் ஐந்தாண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் அது ஈடாகிவிடும். சீட்டிலுள்ள ஆண்டு யூனிட் கணக்கு 1600 மணி நேரப் பயன்பாட்டை அடிப்படையாகக் கொண்டது. விருந்தினர் அறையில் எப்போதாவது ஓடும் ஏசிக்கு இந்தக் கூடுதல் விலை வீண்.

யூனிட்டின் விலையும் எல்லா வீட்டுக்கும் ஒன்றல்ல. 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு மின்கட்டண முறையில், இரு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுகளின் விலை உயர்வதோடு, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கு இருந்த குறைந்த விலையும் போய்விடுகிறது. ஆகவே, எல்லைக்கோட்டருகே நிற்கும் வீட்டில் வெப்பநிலையை 20லிருந்து 25 அல்லது 26 பாகைக்கு உயர்த்தி, மின்விசிறியை மெதுவாக ஓடவிடுவது, சேமித்த யூனிட்டுகளின் மதிப்பைவிடக் கூடுதலான ஆதாயம் தரக்கூடும். ஒவ்வொரு பாகை உயர்வுக்கும் சுமார் 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்பது பணியகத்தின் மதிப்பீடு.

பராமரிப்பில் மக்கள் மிகுதியாக ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஆண்டுதோறும் ‘கேஸ்’ நிரப்ப வேண்டும் என்று பலர் நம்புகின்றனர். மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வரும் அந்த வாயு, பெட்ரோலைப் போல் எரிந்து தீர்வதில்லை. அது குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்பதே பொருள். உப்புக்காற்று வீசும் கடலோரங்களில் சுருள்கள் அரித்துக் கசிவது உண்மையிலேயே நடப்பதுதான். அப்போது நைட்ரஜனை அழுத்தத்துடன் செலுத்திக் கசிவைக் கண்டு, அடைத்து, குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் பம்பினால் வெளியேற்றி, அதன் பிறகே குறிப்பிட்ட எடையில் வாயுவை ஏற்ற வேண்டும். வடிகட்டியில் தூசி அடைத்திருந்தாலும் குளிர் குறையும் என்பதால், அதை இரு வாரத்துக்கொருமுறை கழுவுவதை வீட்டாரே செய்துகொள்ளலாம். கசிவு எங்கே என்று காட்டாமல் கேஸ் நிரப்ப முன்வரும் மெக்கானிக்கைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.