செம்மறியாட்டின் சுழல்நோய்

மந்தையோடு மேயும் ஆடு ஒன்று தன் இனத்தை விட்டு விலகி, தலையை ஒரு பக்கமாய்ச் சாய்த்துக்கொண்டு, செக்குமாட்டைப்போல் வட்டமிட்டுச் சுற்றுவதைக் கண்டவர் அக்காட்சியை எளிதில் மறவார். சென்ற தைத்திங்கள் விடுமுறையில் ஓசூரையடுத்த சிற்றூர் ஒன்றில் யாம் அதனைக் கண்டோம். சாலையின் ஒருபுறம் தொழிற்சாலையின் நீண்ட மதில். மறுபுறம் அறுவடையான கேழ்வரகுக் கொல்லை. கொல்லையில் நாற்பது ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஓராண்டும் நிரம்பாத மறி ஒன்று மட்டும் மேயாது, இடப்பக்கமாகவே சுற்றிச் சுற்றி வந்து, இறுதியில் மதிலில் தலையை முட்டி நின்றது.

மேய்ப்பராகிய முதியவரை அணுகி, "ஐயா, இதற்கு என்ன நேர்ந்தது?" என்று வினவினோம்.

"என்ன செய்யறது தம்பி, சாமி குத்தம். போன வருசமும் ரெண்டு குட்டி இப்படித்தான் சுத்திச் சுத்தியே செத்துப் போச்சு" என்றார்.

"செத்தவற்றை என்ன செய்தீர்கள்?"

"உடம்பைப் பொதைச்சிட்டோம். தலையை இதுக்குப் போட்டோம். இதுவும் வாயில்லாச் சீவன்தானே" என்று தம் காலடியிற் படுத்திருந்த நாயைத் தடவிக்கொடுத்தார்.

அவ்விரு விடைகளுள் முன்னது பிழை. பின்னதிலோ நோயின் காரணம் முழுவதும் அடங்கிக் கிடந்தது. அதனை அப்பொழுது யாம் அறிந்திலேம். பின்னர்க் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் கேட்டும், நூல்களைப் பயின்றும் அறிந்தவற்றையே ஈண்டு எழுதுகின்றோம்.

இந்நோய்க்குக் காரணம் நாடாப்புழு ஒன்று. டீனியா மல்டிசெப்ஸ் என்பது அதன் பெயர். பின்மொழிக்குப் 'பலதலையுடையது' என்பது பொருள். இப்புழு நாய், நரி, ஓநாய் ஆகியவற்றின் சிறுகுடலில் வாழ்வது. ஒரு முழத்திற்குக் குறையாமல் இரண்டு முழம்வரை வளர்வது. நாய்க்கு இதனாற் பெருந்தீங்கு தோன்றுவதில்லை. ஆதலின் நாயை வளர்ப்போர் ஐயுறுவதுமில்லை. புழுவின் உடற்கணுக்கள் முட்டைகளைச் சுமந்து நாயின் மலத்தோடு வெளிப்பட்டுப் புல்லிலும் நீரிலும் பரவுகின்றன. அப்புல்லை மேயும் ஆட்டின் வயிற்றில் முட்டை உடைந்து நுண்ணிய கரு வெளிவருகின்றது. அது குடற்சுவரைத் துளைத்துக் குருதியிற் கலந்து உடலெங்கும் செல்லும். செம்மறியாட்டில் மூளையையோ முதுகுத் தண்டையோ அடைந்த கருவே பிழைக்கும்; ஏனைய இடங்களிற் சேர்ந்தவை பெரும்பாலும் மடிந்தொழியும்.

மூளையை அடைந்த கரு நீர் நிறைந்த பையாக வளரத் தொடங்குகின்றது. சில திங்களில் அப்பை எலுமிச்சங்காய் அளவும் அதற்கு மேலும் பெருக்கும். அதன் உட்சுவரில் வெண்புள்ளிகள் கொத்துக்கொத்தாய்த் தோன்றும். அவை ஒவ்வொன்றும் ஒரு புழுவின் தலை. ஒரு பையிலேயே நூற்றுக்கணக்கான தலைகள் இருத்தல் கூடும். மண்டையோட்டினுள் இடம் அளவுபட்டதாகலின், பை வளர வளர மூளை நெருக்குண்கிறது. பெருமூளையின் ஒரு பக்கத்திற் பை இருப்பின், ஆடு பெரும்பாலும் அப்பக்கமாகவே சுற்றும். எதிர்ப்பக்கத்துக் கண் பார்வை குன்றும். சிறுமூளையில் இருப்பின் நடை தள்ளாடும். சில ஆடுகளில் பைக்கு நேரே மண்டையெலும்பு மெலிந்து, விரலால் அழுத்தினால் நெகிழ்ந்து கொடுக்கும். இறுதியில் ஆடு மேய்தலை மறந்து இளைத்து மடியும். ஓராண்டுக்கு உட்பட்டவையும் அதனை ஒட்டியவையுமே மிகுதியாக இந்நோய்க்கு இரையாகின்றன.

அம்மண்டையை நாய் கடித்துத் தின்னுமாயின், பையிலுள்ள தலைகள் அதன் குடலிற் பற்றிக்கொண்டு தனித்தனிப் புழுக்களாய் வளர்கின்றன. இவ்வாறு நாயிலிருந்து ஆட்டுக்கும், ஆட்டிலிருந்து நாய்க்குமாக ஒரு சக்கரம் சுழல்கின்றது. ஆடு கொல்லையிற் சுற்றுவது இச்சக்கரம் சுற்றுவதனால்தான்.

இது தெய்வக் குற்றமன்று என்பதைப் பண்டையோரே உணர்ந்திருந்தனர். ஏறத்தாழ இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன், கிரேக்க நாட்டு ஹிப்பாக்ரட்டீஸ் பெயரால் வழங்கும் வலிப்புநோய் பற்றிய நூலில், இத்தகைய நோயுற்ற வெள்ளாட்டின் தலையைப் பிளந்து பார்ப்பின் மூளை நீர்கோத்திருப்பதைக் காணலாம் என்றும், ஆகவே உடலைக் கெடுப்பது கடவுளன்று, நோயே என்றும் கூறப்பட்டுள்ளது. 1780ஆம் ஆண்டில் லைப்சிக் நகரத்து லெஸ்கே என்னும் ஜெர்மானிய அறிஞர், ஆட்டின் மூளையிலுள்ள பையே சுழற்சிக்குக் காரணமென எழுதினார். எனினும் அப்பை எங்கிருந்து வந்தது என்பது விளங்கவில்லை. 1850ஆம் ஆண்டை அடுத்த சில ஆண்டுகளில் கூக்கன்மைஸ்டர் என்னும் மருத்துவர், நாயின் குடற்புழுக் கணுக்களை ஆடுகளுக்கு ஊட்டி இந்நோயை உண்டாக்கிக் காட்டினார். நாயின் புழுவும் ஆட்டின் பையும் ஒரே உயிரின் இருவேறு பருவங்கள் என்பது அதனால் துணியப்பட்டது.

இனி, நம் எல்லைப் பகுதியின் நிலையை நோக்குவோம். ஓசூர்ப் பக்கம் கால்நடைக்குப் பழம்பெயர் பெற்றது. மத்திகிரியிலுள்ள அரசாங்கப் பண்ணை 1824ஆம் ஆண்டிற் படைக்குதிரைகளுக்கென ஏற்பட்டுப் பின்னர்க் கால்நடைப் பண்ணையாயிற்று. 1971இல் தோன்றிய சிப்காட் நிறுவனம் ஓசூரில் தொழிற்பேட்டைகளை அமைத்தபின், மேய்ச்சல் நிலம் சுருங்கிற்று. மக்கள் தொகை பெருகிற்று. இறைச்சிக் கடைகளும் அவற்றின் கழிவை உண்ணும் தெருநாய்களும் உடன் பெருகின. எஞ்சிய புறம்போக்கிலும் ஏரிக்கரையிலும் ஆடும் நாயும் ஒருங்கே திரிகின்றன. அத்திப்பள்ளியில் இரு மாநிலங்களின் எல்லை உண்டு. புழுவுக்கு அவ்வெல்லை இல்லை. மேலும், நோயுற்ற ஆடு சாகுமுன் வந்த விலைக்கு விற்கப்படுகின்றது. அதன் மண்டை கடையின் பின்புறத்தில் எறியப்படுமாயின், ஒரு மந்தையின் நோய் ஓர் ஊரின் நாய்களுக்கெல்லாம் உரியதாகின்றது.

இதனைத் தடுத்தல் அரிதன்று. முதலாவது, செத்த ஆட்டின் தலையையும் முதுகெலும்பையும் நாய்க்கு இடலாகாது. எரித்தல் வேண்டும், அன்றி நாய் தோண்டாதவாறு ஆழப் புதைத்தல் வேண்டும். இரண்டாவது, நாய்க்குப் பிராசிகுவான்டல் என்னும் மாத்திரையைக் கால்நடை மருத்துவர் கூறும் அளவில் ஊட்டல் வேண்டும். நாயின் குடலிற் புழு முற்றி முட்டையிடச் சற்றேறக்குறைய ஆறு வாரங்கள் செல்லும். ஆதலின் ஆறு வாரத்திற்கு ஒருமுறை ஊட்டினால் முட்டை நிலத்தில் விழ வழியில்லை. மருந்துண்ட நாயின் மலத்தையும் புதைத்துவிடல் நன்று. நோயுற்ற ஆட்டையும் கைவிட வேண்டுவதில்லை. பை மூளையின் மேற்பரப்பை ஒட்டியிருப்பின் மண்டையிற் சிறு துளையிட்டு அதனை எடுத்துவிடலாம். அங்ஙனம் பிழைத்த ஆடுகள் பல. ஆயினும் சுற்றும் ஆடெல்லாம் இந்நோயுடையது அன்று. லிஸ்டீரியா என்னும் நுண்கிருமியாலும் ஆடு சுற்றும். மூக்கினுள் ஈப்புழு புகுந்தாலும் தலையை ஆட்டித் தடுமாறும். ஆகவே மருத்துவரிடம் காட்டித் தெளிதலே முறை.

மனிதருக்கும் இதில் எச்சரிக்கை உண்டு. நாயின் மலத்திலுள்ள முட்டை உணவோடும் நீரோடும் புகுமாயின், அரிதாக மனிதர் மூளையிலும் இப்பை வளர்வதுண்டு. நாயோடு விளையாடிய குழந்தை கை கழுவாமல் உண்ணலாகாது.

விடுமுறை முடியுமுன் மீண்டும் அம்முதியவரிடம் சென்று இவற்றையெல்லாம் கூறினோம். மறி அதற்குள் இறந்திருந்தது. அவர் நெடுநேரம் பேசாதிருந்து, "அப்போ, இந்த நாயைத் தொரத்திடணுமா தம்பி?" என்று கேட்டார். பத்தாண்டுகளாய் இரவெல்லாம் அவருடைய பட்டியைக் காத்த நாய் அது. "வேண்டா ஐயா, மாத்திரை கொடுத்தாற் போதும், தலையை மட்டும் போடாதீர்கள்" என்றோம். அவர் முகம் தெளிந்தது. மறியின் தலையைப் புதைத்து மேலே கல் அடுக்கியதைத் தாமே காட்டினார்.

முல்லைநிலத்து ஆயர் வாழ்வை ஏட்டிற் படித்து மகிழ்கின்றோம். மந்தையை விட்டு விலகிய ஆட்டைத் தேடிய மேய்ப்பனின் கதையைச் சிறு வயதுமுதற் கேட்டிருக்கின்றோம். நம் மாணவருள் ஆட்டுப்பட்டி உள்ள ஊர்களிலிருந்து வந்தோர் பலர். விடுமுறைக்குச் செல்லும்பொழுது அவர்கள் இச்செய்தியை அங்குள்ள மேய்ப்பர் ஒருவருக்கேனும் உரைப்பாராயின், யாம் இதனை எழுதியதன் பயன் நிரம்பும்.